குடிநோய்க்கு அரசு மருத்துவம்: ஏழைக்கு எட்டுகிறதா?

மதுக்கடைக்குப் போகும் வழியை நம் ஊர்களில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பேருந்து நிலையத்தின் பின்புறம், சந்தைத் திடலுக்கு எதிரில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே ஒதுங்கிய தோப்பு ஓரத்தில் என்று அது இருக்கும் இடம் சிறுவருக்கும் தெரியும். ஆனால், குடியை விட்டுவிட விரும்பும் ஒருவர், அதற்கான அரசு மருத்துவம் எங்கே கிடைக்கும், எந்தக் கிழமையில் கிடைக்கும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், நம் பங்குகளில் விடை சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? பங்குத் தந்தையருள்ளும், பள்ளி ஆசிரியருள்ளும், பக்த சபைகளின் பொறுப்பாளருள்ளுங்கூட மிகச் சிலரே.

குடியின் கேட்டைப் பற்றித் தவக்காலந்தோறும் மறையுரை கேட்கிறோம்; இத்தகைய இதழ்களிலும் பல முறை படித்திருக்கிறோம். எனவே, குடிப்பது தீது என்பதை இன்னொரு முறை சொல்லுவது நம் நோக்கமன்று. மக்களின் வரிப் பணத்தில் குடிநோய் மருத்துவம் நடைபெறுகிறது. அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது, ஏன் கிடைக்காமல் போகிறது என்பதையே ஈண்டு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

குடி பாவமா, நோயா என்னும் வாதம் நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் மட்டசனம் என்று பழைய ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அளவு மீறும் முதல் நாளில் மனிதன் அதற்குப் பொறுப்பாளியே. ஆயினும், ஆண்டுக்கணக்கில் குடித்து, மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகிப்போன பின்பு, காலையில் கை நடுங்குவதும், வியர்த்துக் கொட்டுவதும், ஒரு வாய் ஊற்றினால்தான் நடுக்கம் நிற்பதும் ஒழுக்கத்தை மட்டும் பற்றிய செய்திகள் அல்ல. அவை உடல் நோயின் அறிகுறிகள். மனவுறுதியைக் கொண்டு மட்டுமே சர்க்கரை நோயை மாற்ற இயலாதது போலவே இதையும் மாற்ற இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வாந்தியும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகளும் ஆள்களும் கண்முன் தோன்றும். கவனிப்பாரற்றுப் போனால் உயிருக்கே ஆபத்து நேரும். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மறுநாள் முதல் தொடாமல் இருப்போர் நம்மிடையே உண்டு. நேர்ச்சையை நாம் குறை சொல்லவில்லை. அந்த முதல் வாரத்தை மட்டும் மருத்துவரின் கண்காணிப்பில் கழிக்கட்டும் என்கிறோம். அதற்கு வேண்டியவை யாவை? வைட்டமின் பி1 ஊசி, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக் கொடுக்கப்படும் அமைதி மருந்து, நீர்ச்சத்து, கவனிக்க ஒரு செவிலியர். இவற்றுள் எதுவும் அரிய மருந்தோ விலை உயர்ந்த கருவியோ அன்று. எந்த வட்ட மருத்துவமனையிலும் இருக்கக்கூடியவையே.

அப்படியிருந்தும் நிலைமை என்ன? நடுவண் அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதைநோய் மருத்துவ மையம் நாடு முழுவதும் ஆய்வு நடத்தி, 2019ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் பேர் மதுவுக்கு அடிமைப்பட்டவர்கள் என்றும் அது கணக்கிட்டது. அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒருவகை மருத்துவ உதவியைப் பெற்றதாகச் சொன்னார்; மருத்துவமனையில் தங்கி மருத்துவம் பெற்றவரோ 180 பேருக்கு ஒருவர். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வும், மதுவால் நோயுற்றோரில் நூற்றுக்கு 86 பேர் மருத்துவம் பெறாமலே இருந்ததைக் காட்டியது.

முப்பத்தெட்டு என்னும் எண்ணைப் படித்ததும் நமக்கு யோவான் நற்செய்தியில் வரும் பெத்சதா குளத்தங்கரைதான் நினைவுக்கு வந்தது. எண் ஒத்துப்போனது தற்செயலே. அதில் மறைபொருள் எதையும் நாம் தேடவில்லை. எனினும், முப்பத்தெட்டு ஆண்டுகளாக அங்கே படுத்துக் கிடந்தவர் இயேசு பிரானிடம் முறையிட்டது எதைப் பற்றி? குளம் இல்லை என்றா? குளம் இருந்தது, தண்ணீர் கலங்கவும் செய்தது. தம்மைத் தூக்கி இறக்கிவிட ஆள் இல்லை, தாம் போவதற்குள் வேறொருவர் முந்திவிடுகிறார் என்பதே அவருடைய முறையீடு. நம் நாட்டுக் குடிநோயாளரின் முறையீடும் பெரும்பாலும் இதுவே.

சட்டம் என்ன சொல்லுகிறது?

அரசு மருத்துவமனையில் கிடைப்பது தருமம் என்னும் எண்ணம் ஏழைகளிடம் ஊறிப்போயிருக்கிறது. கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், விரட்டினால் திரும்பிவிடுவோம் என்று அவர்கள் இருந்துவிடுகிறார்கள். நாடாளுமன்றம் இயற்றி, 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இந்த எண்ணத்துக்கு இடம் வைக்கவில்லை. மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனநிலைக் கேடுகளை அச்சட்டம் நோய் என்றே வரையறுக்கிறது. அரசு நடத்துகின்ற அல்லது அரசின் பணத்தில் நடக்கின்ற மருத்துவத்தைப் பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று அதன் 18ஆம் பிரிவு கூறுகிறது. பாலினம், மதம், சாதி, வகுப்பு முதலிய எதன் பெயராலும் வேறுபாடு காட்டலாகாது. வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்வோருக்கும் ஆதரவற்றோருக்கும் கட்டணம் இல்லை. நோயாளரை நெடுந்தொலைவு அலையவிடாமல் அவர் வாழும் இடத்துக்கு அருகிலேயே மருத்துவம் கிடைக்கச் செய்ய வேண்டும். இவை யாவும் அப்பிரிவில் உள்ளவை. குறைந்தபட்ச மருத்துவ வசதிகள் ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், அம்மாவட்டத்தில் வேறோர் இடத்தில் பெறும் மருத்துவத்தின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் அது சொல்லுகிறது. நோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு அறவே தடை செய்கிறது.

போதை மாத்திரைக்கோ கஞ்சாவுக்கோ ஆட்பட்ட இளைஞரின் பெற்றோருக்கு வேறோர் அச்சம் உண்டு. மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் காவல் துறையினர் பிடித்துக்கொள்வார்களோ என்று மறைத்து வைக்கிறார்கள். போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64அ பிரிவிலுள்ள விதிகளையெல்லாம் அவர்கள் படிக்க வேண்டியதில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். போதைப் பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிற்றளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், தாமாகவே அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்பு பெற்ற நிலையத்திலோ மருத்துவம் பெற முன்வந்தால், அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்க அச்சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மருத்துவத்தைப் பாதியில் கைவிட்டால் அப்பாதுகாப்பு நீங்கிவிடலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டத்தை விட்டுக் கணக்கைப் பார்த்தாலும் இது தருமம் அன்று என்பது விளங்கும். 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 2003ஆம் ஆண்டு முதல் சில்லறை மது விற்பனையையும் தானே நடத்துகிறது. 2023-24ஆம் ஆண்டில் மட்டும் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும் பகுதி யாருடைய கையிலிருந்து வந்தது? சித்தாள், கொத்தனார், சுமை தூக்குவோர், மீன்பிடித் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் அன்றாடக் கூலியிலிருந்து வந்தது. அவர்கள் நோயுற்றுப் படுக்கும்போது அந்தப் பணத்தில் ஒரு படுக்கை கேட்பது, தாம் கட்டிய சீட்டைத் தாமே எடுப்பது போன்றது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லுவது உண்மையாகாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோது நாட்டில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட நான்கு மாவட்டங்களுள் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. 2025ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘கலங்கரை’ என்னும் பெயரில், போதைநோய் மருத்துவமும் மறுவாழ்வும் தரும் 25 மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. நல்ல பெயர், நல்ல முயற்சி. ஆனால் 2024இல் மாநிலத்தில் இருந்த மதுக்கடைகளோ 4,800க்கும் மேல். கடை நடந்து போகும் தொலைவில். மையம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகும் தொலைவில். 25 என்பதை 50 ஆக்கினால் மட்டும் இந்த இடைவெளி அடைந்துவிடாது. ஏன் என்பதை அடுத்துச் சொல்லுகிறோம்.

இலவசத்தின் விலை

கட்டடக் கொத்தனார் ஒருவரின் மனைவி நம்மிடம் சொன்னதை அவர் சொற்களிலேயே தருகிறோம்: “பத்து நாள் படுக்கையில இருக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க சாமி. கூடவே ஒரு ஆளும் இருக்கணுமாம். நான் போயி இருந்தா பிள்ளைங்கள யாரு பாக்குறது? ரெண்டு பேரு கூலியும் போச்சுன்னா வாரவட்டிக்காரனுக்கு யாரு பதில் சொல்றது? வைத்தியம் இலவசந்தான். அத வாங்குறதுக்கு எங்ககிட்ட காசு இல்ல.”

அந்த அம்மாள் சொன்னதில் மிகை ஏதும் இல்லை. மருந்துக்கும் படுக்கைக்கும் கட்டணம் இல்லாதிருக்கலாம். பேருந்துக் கட்டணமும், துணையிருப்பவரின் சாப்பாடும், பத்து நாள் கூலியும், அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து வாங்கப் போய்வரும் செலவும் இருக்கின்றனவே. மாதச் சம்பளக்காரர் மருத்துவ விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். நாள் கூலிக்காரருக்கு விடுப்பு என்பதே பட்டினி. ஒரே வாசல், ஒரே விதி, இருவருக்கும் ஒரே மருத்துவம். ஆனால் ஒருவர் உள்ளே போகிறார், மற்றவர் வெளியே நிற்கிறார். இதைச் சமத்துவம் என்று எப்படிச் சொல்லுவது?

அக்குடும்பத்துக்கு அவர்களுடைய பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் இரண்டு வாரத்துக்கு அரிசியும் மளிகையும் கொடுத்தார்கள். இளைஞர் இருவர் மாறிமாறி மருத்துவமனையில் துணையிருந்தார்கள். கொத்தனார் எட்டு மாதம் தொடாமல் இருந்தார். பின்பு உறவினர் வீட்டுத் திருமணத்தில் மறுபடியும் தொட்டார். இரண்டாம் முறை அழைத்துச் சென்றபோது, சீட்டு எழுதும் இடத்திலேயே, “இன்னும் எத்தனை முறைதான் வருவே?” என்னும் ஏச்சு விழுந்தது. சர்க்கரை ஏறி மீண்டும் வந்தவரையோ, காசநோய் மறுபடியும் கண்டவரையோ யாரும் அப்படிக் கேட்பதில்லை. குடிநோயில் மீண்டும் விழுவது அந்நோயின் இயல்பு. மருத்துவம் வீண் என்பதற்கு அது சான்றாகாது. அந்த ஓர் ஏச்சு, ஐம்பது மைல் தொலைவைக் காட்டிலும் பெரிய தடை. படித்தவருக்கும் பணக்காரருக்கும் அது விழுவதில்லை. அழுக்கு வேட்டியுடன் வருபவருக்கே விழுகிறது.

கடலோரப் பங்குகளின் நிலை வேறு. கடலுக்குப் போய் நாள் கணக்கில் தங்கும் விசைப்படகுத் தொழிலாளரிடம், செவ்வாய்க்கிழமை காலை வெளிநோயாளர் பிரிவுக்கு வா என்று சொன்னால் அவர் எப்படி வருவார்? ஆனால் அதே கடற்கரையில் ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாள்களில் கூலி எப்படியும் இல்லை. கையில் வேலையும் இல்லாததால் சிலருக்குக் குடி மிகுவதும் அப்போதுதான். அந்த இரண்டு மாதங்களில் கடலோர வட்ட மருத்துவமனைகளில் தனி முகாம் நடத்தினால் எவ்வளவு பேர் பயன் பெறுவர்! மழைக்காலத்தில் உப்பளம் நின்றுபோகும்போது உப்பளத் தொழிலாளருக்கும் இவ்வாறே செய்யலாம். மருத்துவத்தின் நாள்காட்டி உழைப்பவனின் நாள்காட்டியோடு பொருந்த வேண்டும் என்பது எளிய செய்திதான். எளியதாக இருப்பதால்தானோ என்னவோ, யாரும் கருதிப் பார்ப்பதில்லை.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்சொன்ன 2019ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஆண்களில் நூற்றுக்கு 27 பேர் மது அருந்துகையில், பெண்களில் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. எண்ணிக்கை சிறிதாக இருப்பதனாலேயே, மருத்துவ வசதிகள் பெரும்பாலும் ஆண்களை எண்ணியே அமைக்கப்படுகின்றன. ஆண் குடித்தால் ஊர் ஏசும். பெண் குடித்தால் ஊர் அவளை ஒதுக்கியே வைக்கும். அதனால் நோய் முற்றி, கல்லீரல் கெட்ட பின்புதான் அவள் வெளியே வருகிறாள். அதுவும் வயிற்று வலி என்னும் பெயரில். கைக்குழந்தையோடு எங்கே தங்குவாள் என்பதைத் திட்டம் தீட்டியோர் எண்ணினார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அரசு வாசல் எட்டாதபோது மக்கள் வேறு இரண்டு வாசல்களைத் தட்டுகிறார்கள். ஒன்று, வட்டிக்குக் கடன் வாங்கியாவது தனியார் மறுவாழ்வு இல்லம். அவற்றுள் நல்லவை உண்டு. துறவற சபையார் அன்போடு நடத்துவனவும் உண்டு. ஆனால் இரவோடு இரவாக வண்டியில் வந்து ஆளைத் தூக்கிச் செல்வதும், மருத்துவர் இல்லாமலே மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும் சில இடங்களில் நடக்கத்தான் செய்கின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி இத்தகைய நிலையம் ஒவ்வொன்றும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு எந்தத் தாயும் கூச வேண்டியதில்லை. மற்றொன்று, கணவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளும் மாத்திரைகளும். மது அருந்தினால் ஒவ்வாமை உண்டாக்கும் டைசல்பிரம் என்னும் மருந்தை, மருத்துவர் ஆராய்ந்து, நோயாளரின் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்து அவர் மதுவும் அருந்திவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே கேடு வரலாம். பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்காவது தெரியுமா என்பது ஐயமே.

வாசலைத் திறந்தவர்கள்

மருத்துவமனை வாசல் குடிநோயாளருக்கு மூடியிருந்தது நம் நாட்டில் மட்டும் அன்று. அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், புனித அகுஸ்தீன் பிறரன்புச் சகோதரிகள் நடத்திய புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளர் சேர்க்கையைக் கவனித்து வந்தவர் இக்னேசியா என்னும் கன்னியர். குடித்தவர்களைச் சேர்த்துக்கொள்வது அக்காலத்து மருத்துவமனைகளின் வழக்கமன்று. 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், மருத்துவர் பாப் ஸ்மித் என்பவர் அழைத்துவந்த குடிநோயாளர் ஒருவரை, இரைப்பை அழற்சி என்று பதிவேட்டில் எழுதி அச்சகோதரி உள்ளே சேர்த்தார். மற்ற நோயாளரோடு வைக்க வழியில்லாமல், மருத்துவமனைக்கு வரும் மலர்களை அடுக்கும் சிற்றறையில் அவருக்குப் படுக்கை போட்டார்களாம். அந்த மருத்துவர் பாப், 1935இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவர். தாமே குடிநோயிலிருந்து மீண்டவர். பின்னாளில் அங்கே குடிநோயாளருக்கென்று தனிப் பிரிவே அமைந்தது. பதிவேட்டில் அப்படி எழுதியது சரியா என்று அறநெறி வல்லுநர்கள் வாதிடட்டும். அச்சகோதரி வாசலில் நின்றவரைத் திருப்பி அனுப்பவில்லை.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையைப் பலர் அறிவர். அந்நிறுவனம் சென்னைக்கு வர இயலாத நோயாளரை எண்ணி, மருத்துவரையும் ஆலோசகரையும் சிற்றூருக்கே அனுப்பிச் சிகிச்சை முகாம் நடத்தத் தொடங்கியது. காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள மஞ்சக்குடியில் 1989இல் இம்முயற்சி தொடங்கிற்று. ஊர்க்காரர் பொறுப்பேற்க, நோயாளர் தம் ஊர்ச் சூழலிலேயே பதினைந்து நாள் தங்கி மருத்துவம் பெறுவது அதன் முறை. மீண்டு வருபவரைத் தொடர்ந்து கவனிப்பதும் ஊரிலேயே நடக்கிறது. அரசு இதைப் பின்பற்ற என்ன தடை?

கோவாவில் நடந்த ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. சங்கத் என்னும் அமைப்பைச் சேர்ந்தவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த ஆண்களில் தீங்கு தரும் அளவில் குடிப்போர் 377 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பகுதியினருக்கு அதோடு நான்கு அமர்வு வரை ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் மனநல மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, ஆலோசனை பெற்றோரில் நூற்றுக்கு 36 பேரும் மற்றோரில் 26 பேரும் அத்தீங்கான குடியிலிருந்து விடுபட்டிருந்தார்கள். 2017இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளிவந்தது. பெரிய அற்புதம் என்று நாம் சொல்லவில்லை. நடுக்கமும் வலிப்பும் காணும் அளவுக்கு முற்றியவருக்கு இது போதவும் போதாது. அவருக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். ஆனால் அந்த அளவுக்கு முற்றுமுன்னரே, நடந்து போகும் தொலைவில், காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன இடத்திலேயே, வெட்கப்படாமல் உதவி பெற முடியும் என்பதை அது காட்டுகிறது. மையங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பதால் மட்டும் இடைவெளி அடையாது என்று மேலே சொன்னது இதனால்தான். ஊர்ச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் இம்மருத்துவத்தின் முதற்படியைக் கையில் எடுத்துக்கொண்டால் அன்றி, மாவட்டத் தலைநகரின் படுக்கை கிராமத்து ஏழைக்கு எட்டப்போவதில்லை.

பங்குகள் செய்யக்கூடியது

திமிர்வாதக்காரரை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தால் வாசல் அடைபட்டிருக்கக் கண்டு, கூரையைப் பிரித்து இறக்கிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். நால்வர் வேண்டியிருந்தது. இன்றைக்கும் ஏறத்தாழ அத்தனை பேரே வேண்டும். ஒருவர் அழைத்துச் செல்ல, ஒருவர் இரவில் துணையிருக்க, ஒருவர் அவருடைய வீட்டைக் கவனிக்க, ஒருவர் அவர் திரும்பிய பின் மருந்து நாளை நினைவூட்ட. ஒவ்வோர் அன்பியத்திலும் இப்படி நால்வர் முன்வந்தால், பத்து நாள் படுக்கை என்னும் சொல் அந்தக் கொத்தனாரின் மனைவியை அப்படி அச்சுறுத்தியிராது. வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் இப்பணிக்குப் புதிதாகச் சங்கம் தொடங்க வேண்டியதில்லை. வீடு சந்திப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. அரசு தர வேண்டியதைப் பங்கே தந்து மூடி மறைப்பது நம் கருத்தன்று. இரண்டு வார அரிசியைப் பங்கு தரட்டும். தொழிலாளர் நலவாரியம் வழியாக அந்நாள்களுக்கு ஓர் உதவித் தொகை தர வேண்டும் என்று அரசையும் கேட்போம்.

கோவில் அறிவிப்புப் பலகையில் மூன்று செய்திகளை எழுதி வைக்கலாம். போதைநோய் பற்றிய தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. மனநல ஆலோசனைக்கான ‘டெலி மானஸ்’ எண் 14416. மூன்றாவது, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எந்த அறையில் பார்க்கிறார் என்பது. இந்த மூன்றாவது செய்தியை எந்த இதழும் அச்சிட்டுத் தர இயலாது. யாராவது ஒருவர் நேரில் போய்க் கேட்டு வர வேண்டும். போகும்போதே, தங்கி மருத்துவம் பெறத் துணையாள் கட்டாயமா, பெண்களுக்கு இடம் உண்டா, எத்தனை நாளுக்கு மருந்து சேர்த்துத் தருவார்கள் என்பவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.

இனி கிராம சபை. தமிழகத்தில் அது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மதுக்கடையை மூடக் கோரும் தீர்மானங்கள் அங்கே பல முறை நிறைவேறியிருக்கின்றன. அவற்றோடு இன்னொன்றையும் கொண்டு செல்லலாம். நம் வட்ட மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது குடிநோய்க்கு வெளிநோயாளர் பிரிவு நடக்க வேண்டும். அந்த நாள் உழைப்பவருக்கு ஏற்றதாக மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ இருக்க வேண்டும். முதல் வார மருத்துவத்துக்குச் சில படுக்கைகளும் மருந்தும் அங்கேயே வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்குப் பயிற்சி வேண்டும் என்று தீர்மானம் எழுதலாம். அதில் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவைக் குறிப்பிடுக. குடும்பத் தலைவியர் கையொப்பம் இடுவது நல்லது. கூட்டத்தில் அவர்களே பேசினால் இன்னும் நல்லது. தீர்மானத்தின் படிகளை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட மனநலத் திட்ட அலுவலருக்கும் பதிவஞ்சலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பங்கு அலுவலகத்தில் வைத்திருங்கள். அடுத்த கிராம சபையில் என்ன ஆயிற்று என்று கேட்கும்போது அது தேவைப்படும்.